உப்புப் பனியும் மார்த்தாவின் குரலும்

சித்திரை வெயில். கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. அந்த வெள்ளைக்கு நடுவே, முழங்கால் வரை தொங்கும் கம்பளிக் கோட்டும் கழுத்தில் மப்ளரும் மாட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரி குளிரில் நடுங்கியபடி நின்றாள்.

பல் தந்தி அடிக்கிறது. தோள் ஒடுங்குகிறது. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வாயால் ஊதிச் சூடாக்குகிறாள். கோட்டுக்குள் வியர்வை ஆறாக ஓடி பூட்ஸில் நிரம்பிக்கொண்டிருந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், பிற்பாடு அந்த பூட்ஸைக் கவிழ்த்து ஊற்றியதே நான்தான்.

பார்த்துக்கொண்டு நின்ற எனக்குக் குளிர் எடுத்தது. பொய் இல்லை. அந்த வெயிலில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

அவள் நின்ற இடம் எங்கள் மரக்காணத்து உப்பளம். அவள் காலடியில் கிடந்தது பனி இல்லை. என் உப்பு.

பனி கொடுத்தவள் அஞ்சலை

சீமைக்குப் போய்ப் பனியில் படம் பிடிக்க வசதியில்லாத ஒரு சினிமா கம்பெனி அது. நம் ஊரில் எங்கே பனிக்குப் போவது என்று தேடிக்கொண்டே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தவர்கள், வெள்ளை வெள்ளையாக உப்பு அம்பாரமாகக் குவிந்து நிற்பதைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார்கள். யாரைக் கேட்பது என்று விசாரித்தபோது எல்லோரும் என் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

சொல்லாமல் என்ன? இரண்டாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டு, தலையில் உப்புக் கூடை சுமந்து, அதே தலையை வைத்து மேஸ்திரியாகி, பிறகு பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து, சொந்தமாக லாரியும் கொட்டகையும் வைத்த பொம்பளை இந்தக் கடற்கரையில் வேறு யார் இருக்கிறாள்? லாரி வாங்கிய கதையைச் சென்ற வாரம் சொன்னேன், நான் சொல்லச் சொல்லப் பத்திரிகைக்காரத் தம்பி எழுதிக்கொள்கிறார். அதைப் படித்துவிட்டு எங்கள் ஊர் ஆண்கள் சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார்கள். திரியட்டும்.

டைரக்டர் தம்பி வந்து, "அம்மா, பனி விழுற மாதிரி இருக்கணும்," என்றார்.

"தரையில கெடக்கணுமா, மேல இருந்து விழணுமா?"

"ரெண்டும் வேணும்மா."

"ரெண்டும் ஆவும்," என்றேன்.

என் ஆட்களை அம்பாரத்தின் மேல் ஏற்றினேன். ஆளுக்கொரு முறம். பொடி உப்பைப் புடைத்துக் காற்றில் விட்டார்கள். கடல் காற்று வாங்கிக்கொண்டு போய் அவள் தலைமேல் மெதுவாக இறக்கியது. கேமராக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். படத்தில் பனி விழும் காட்சியைப் பார்த்தவர்கள் தெரிந்துகொள்ளுங்கள், அது முறம் பிடித்த மரக்காணத்துப் பெண்களின் கைவேலை. சொன்ன யோசனை என்னுடையது.

கதை இதுதான்: இங்கே வாழ்ந்த ஒரு துரைசானி, துரை செத்த பிறகு தன் சீமைக்கே திரும்பிப் போய்விடுகிறாள். அங்கே பனியில் நிற்கும்போது நம் ஊர் நினைவு வருகிறது. அழுதுகொண்டே, "போதும், நான் ஊருக்குப் போறேன்," என்கிறாள். ஒரே ஒரு வசனம்.

அவள் சொன்னாள். பிசிறில்லாமல், தொண்டையிலிருந்து வந்தது. முறம் வைத்திருந்த ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

"கட்! மேடம், டயலாக் வேணாம். ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லுங்க. உதடு அசைஞ்சா போதும். வாய்ஸ் சென்னையில போட்டுக்குவோம்."

"நான் தமிழ் பேசுவேன் சார்."

"பேசுவீங்க மேடம். ஜனங்க நம்ப மாட்டாங்க."

அவள் தலையாட்டினாள். மறுபடி நடுங்கினாள், மறுபடி அழுதாள். கண்ணில் நீர் வழிய, அத்தனை துக்கத்தோடு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு," என்றாள். அதற்கும் என் ஆட்கள் அழுதார்கள். எண்ணைச் சொல்லி ஊரை அழவைத்த நடிகையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

கீழே வைத்த உப்பு

மதியச் சாப்பாட்டுக்கு அவள் சினிமாக்காரர்களோடு உட்காரவில்லை. என் ஆட்களோடு வந்து குந்தினாள். ஒரு சட்டியில் கஞ்சி கொடுத்தோம். குடித்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் உப்பு," என்று என்னிடம் கை நீட்டினாள்.

நான் அந்தக் கையில் போடவில்லை. ஒரு சிட்டிகையை எடுத்து, தூக்குச்சட்டி மூடியில் வைத்து, மூடியைத் தரையில் வைத்தேன்.

அவள் முகம் சிவந்துபோயிற்று. தன் கை பட்டால் எனக்குத் தீட்டு என்று நினைத்திருக்கிறாள். சட்டியை வைத்துவிட்டு எழுந்தாள்.

"அய்ய, குந்துங்கம்மா," என்று மப்ளரைப் பிடித்து இழுத்தேன். "உப்பைக் கையில குடுத்துக் கையில வாங்குனா ரெண்டு பேருக்கும் சண்டை வரும். அதான் கீழ வெச்சேன். உங்களோட எனக்கு எதுக்குச் சண்டை?"

மறுபடி குந்தி, மூடியிலிருந்த உப்பைக் கஞ்சியில் போட்டாள். பிறகு சிரித்த சிரிப்பில் தலையிலிருந்த பனியெல்லாம் கஞ்சியில் கொட்டியது.

அன்று ஆரம்பித்த சிநேகம்.

மார்த்தா என்பது அவள் பெயர். சொந்த ஊர் பெல்ஜியம். அங்கே மேடை நாடகத்தில் ராணி வேஷம் கட்டியவள். ஆறு மாதம் தங்கிப் பார்க்கலாம் என்று வயசுக் காலத்தில் ஆரோவில்லுக்கு வந்தவள், திரும்பிப் போக மறந்துவிட்டாள். பிறகு பொம்மையார்பாளையத்தில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து, அக்கம்பக்கத்துப் பெண்களிடம் காதால் கேட்டே தமிழ் பிடித்தவள். எழுத்தும் கற்றுக்கொண்டாள்.

சென்னை சினிமாக்காரர்களுக்கு வெள்ளைத் தோல் வேண்டுமென்றால் இவளுக்குத்தான் போன் வரும். கலெக்டர் துரையின் மனைவி, கன்னியாஸ்திரி, ஏர்போர்ட்டில் கதாநாயகனைத் திட்டுகிற அதிகாரி. எல்லாவற்றிலும் வாய் மட்டும் அவளுடையது. உள்ளேயிருந்து பேசுவது வேறு யாரோ.

அவர் இவர் என்று மரியாதையாகச் சொல்லலாம். சொன்னால் அவளே போன் போட்டுத் திட்டுவாள்.

தியேட்டரில் ஒரு சிரிப்பு

படம் வந்தது. என் பனியைப் பார்க்க என் ஆட்களையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு திண்டிவனத்துக்குப் போனேன். மார்த்தாவை எனக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

பனி விழுந்தது. எங்கள் வரிசை முழுக்க விசில். திரையில் மார்த்தாவின் முகம் பெரிதாக வந்தது. கண்ணில் நீர் திரண்டது. உதடு பிரிந்தது.

"போட்டும், நான் ஊர்க்கு போக்குறான்."

மூக்கால் பேசுகிற, மழலைக் குரல். எங்கோ ஒரு ரூமில் உட்கார்ந்து யாரோ, வெள்ளைக்காரி என்றால் இப்படித்தான் பேசுவாள் என்று பேசி வைத்திருக்கிறார்கள். தியேட்டர் கொல்லென்று சிரித்தது. முதலில் என் ஆட்கள் சிரிக்கவில்லை. பிறகு அவர்களும் சிரித்துவிட்டார்கள். அடக்க முடியாத மாதிரிதான் இருந்தது அந்தக் குரல்.

மார்த்தா மடியில் பாப்கார்ன் பொட்டலம். கடைசி வரை ஒன்றுகூட எடுத்து வாயில் போடவில்லை.

திரும்பி வரும்போது லாரியின் முன்பக்கத்தில் என்னோடு உட்கார்ந்து வந்தாள். கழுவெளி ஏரியைத் தாண்டும்போது சொன்னாள்: "என் வாய்க்குள்ள யாரோ குடியிருக்காங்க அஞ்சலை. வாடகைகூட தர்றதில்ல."

வரப்பு மேல் நடந்த வருஷங்கள்

அதற்குப் பிறகு வாரத்தில் ஒரு நாளாவது பஸ் பிடித்து வந்துவிடுவாள். உப்பு வாரும் நேரத்தில் வரப்பின் மேல் நடப்பேன், பின்னாலேயே வருவாள். நான் பேசுவேன். எனக்குப் பேச்சுக்கா பஞ்சம்? ஆட்களைத் திட்டுவது, புரோக்கரோடு மல்லுக்கு நிற்பது, டிரைவரைப் போனில் அதட்டுவது என்று எதுவானாலும், ஒரு அடி பின்னால் அதையே தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு வருவாள். சொல்லிக் கொடு என்று அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் என்னத்தைச் சொல்லிக் கொடுப்பேன்?

பாத்தியில் தண்ணீர் கட்டி நிற்கும் நாட்களில் வானம் முழுசும் அதில் இறங்கிவிடும். வரப்பு மட்டும் ஒரு கோடாகத் தெரியும். மேகத்துக்கு மேல் இரண்டு பொம்பளைகள் நடப்பது போல இருக்கும். தூரத்தில் பூநாரைக் கூட்டம் எழும்பினால், காலுக்குக் கீழேயும் ஒரு கூட்டம் எழும்பும். எது பறவை, எது நிழல் என்று தெரியாது. பின்னால் என் பேச்சு எனக்கே திரும்பி வந்துகொண்டிருக்கும்.

அந்த நாட்களில் நாங்கள் எவ்வளவு நடந்தோம், எத்தனை வருஷம் நடந்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டு பேருக்கும் தலை நரைத்திருந்தது. அது உப்பா நரையா என்று ஒருத்தியை ஒருத்தி கேலி பண்ணிக்கொள்வோம்.

உப்பு குடித்த சத்தம்

சினிமாவில் கூப்பிடுவது குறைந்தது. அப்போது மார்த்தாவுக்கு வேறு ஒரு வேலை கிடைத்தது. புத்தகத்தை வாய்விட்டு வாசித்துப் பதிவு பண்ணிக் கொடுக்க வேண்டும். ஜனங்கள் போனில் போட்டுக் காதால் கேட்பார்கள். முதலில் அவள் பாஷையில் வாசித்தாள், பிறகு இங்கிலீஷில். அங்கெல்லாம் நல்ல பேர்.

ஒரு நாள் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி தமிழ்ப் புத்தகத்துக்குக் குரல் தேடுவதாகத் தெரியவந்தது. ஒரு தையல்காரியின் கதை. யார் வேண்டுமானாலும் முதல் அத்தியாயத்தை வாசித்து அனுப்பலாம், பிடித்தால் முழுப் புத்தகமும் அவர்களுக்கு.

"அனுப்பேன்," என்றேன்.

"சிரிப்பாங்க."

"வாசிக்கவாச்சும் வாசி. அனுப்புறதை அப்புறம் பாக்கலாம்."

எங்கே வாசிப்பது? அவள் வீட்டில் கடற்கரைச் சாலையின் பஸ் ஹாரன், நாய், பக்கத்து வீட்டு மிக்சி. துணி பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு வாசித்துப் பார்த்தாளாம், மயில் அகவுவது அதற்குள்ளும் கேட்டதாம்.

"என் கொட்டகைக்கு வா," என்றேன்.

உப்பு மூட்டை அடுக்கிய கொட்டகைக்குள் நின்று கத்திப் பார்த்திருக்கிறீர்களா? சத்தம் எழும்பாது. மூட்டைகளே குடித்துவிடும். நான் ஆள் வைத்து நான்கு பக்கமும் மூட்டையைத் தலைக்கு மேல் அடுக்கி, நடுவில் ஒரு நாற்காலி போடும் அளவுக்கு இடம் விட்டேன். பெரிய பெரிய ஊரில் இதற்குக் கண்ணாடி ரூம் கட்டுகிறார்களாம். நான் அரை நாளில் கட்டினேன்.

விடியலில் ஆரம்பிக்கும் வேலை உச்சி வெயிலுக்குள் முடிந்து ஆட்கள் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் உப்பளத்தில் ஈ காக்கை இருக்காது. கானல் மட்டும் அலையும். ஃபேன் போட்டால் சத்தம் என்று அவள் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்து வாசித்தாள். உப்புக் காற்று அரித்துவிடாதிருக்க மைக்குக்குத் துணி சுற்றியிருந்தாள். வாசலில் மூட்டையில் சாய்ந்து நான் காவல். கண் சொக்கிவிட்டது.

அந்தத் தூக்கத்தில் நான் ஒரு புத்தகத்தை மடியில் விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். எழுத்துக் கூட்டாமல், விரல் வைக்காமல், தண்ணீர் மடையில் ஓடுவது போல ஓடியது. தையல்காரி மெஷினை மிதித்தாள், நூல் அறுந்தது, கோர்த்தாள். எல்லாம் என் குரலில் வந்தது. இவ்வளவு நாளும் எனக்குப் படிக்கத் தெரிந்துதான் இருந்திருக்கிறது, நான்தான் முயற்சி பண்ணவில்லை என்று தூக்கத்திலேயே சந்தோஷப்பட்டேன்.

முழித்தபோது உள்ளே மார்த்தா வாசித்துக்கொண்டிருந்தாள்.

யாரிடமும் இதை நான் சொல்லவில்லை. சொந்த லாரிக்காரி ஒருத்தி கனவில் புத்தகம் படித்தாள் என்று வெளியே சொல்ல முடியுமா?

அத்தியாயம் முடிந்தது. ஆனால் அனுப்பமாட்டேன் என்கிறாள். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள்.

"உன் ஆளுங்க கேக்கட்டும். யாரு வாசிச்சதுன்னு சொல்லக் கூடாது. அன்னிக்கி தியேட்டர்ல சிரிச்சாங்கல்ல, அந்த மாதிரி சிரிச்சாங்கன்னா அழிச்சிடுவேன். இனிமே தமிழ்ல ஒரு வார்த்தைகூட மைக்கு முன்னாடி பேச மாட்டேன். இந்த வயசுல இன்னொரு தரம் என்னால தாங்க முடியாது அஞ்சலை."

சொன்னால் செய்வாள். அவளும் என்னைப் போலத்தான்.

ஸ்பீக்கர் டப்பா

மறுநாள் காலை, வெயில் ஏறும் நேரம். பாத்தியில், என்னை அத்தே என்று கூப்பிடும் என் ஆட்கள் ராணியும் மேரியும் இன்னும் சிலரும் பலகை போட்டு உப்பை வாரி இழுத்துக்கொண்டிருந்தார்கள். வேலை செய்யும்போது சினிமாப் பாட்டு கேட்க ஒரு ஸ்பீக்கர் டப்பா வரப்பில் இருக்கும். மார்த்தா அம்பாரத்துக்குப் பக்கத்தில் குடை விரித்து உட்கார்ந்திருந்தாள். அவள் வந்து உட்காருவது பழக்கம்தான், யாரும் கண்டுகொள்ளவில்லை. நான் அவள் போனை வாங்கி டப்பாவில் இணைத்துப் போட்டேன்.

"இன்னாத்தே, பாட்டு நின்னு போச்சு?" என்றாள் ராணி. வாய்க்காரி.

"கதை கேளுங்கடி இன்னிக்கி."

"கதையா? உன் கதையையே தினம் கேக்குறோமே, பத்தலியா?"

சிரித்தார்கள். மார்த்தாவின் குடை லேசாக ஆடியது.

தையல்காரி பேச ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் யாரும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பிறகு பலகை இழுக்கும் சத்தம் மெல்ல ஒன்றுபோல ஆயிற்று. தையல்காரி நிறுத்தினால் பலகையும் நின்றது. அவள் புருஷன் மெஷினை அடகு வைத்துவிட்டு வந்து நிற்கும் இடத்தில் மேரி, "பாடையில போறவன்," என்று உப்பில் துப்பினாள்.

அத்தியாயம் முடிந்தது. ஒருத்தியும் சிரிக்கவில்லை. நான் மூச்சு விட்டேன்.

அப்போதுதான் ராணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அத்தே, மெய்யாலுமே சொல்லு. இது உன் குரலுதானே?"

"ஆமாண்டி," என்றாள் மேரி. "அந்த 'அய்ய'ன்னு இழுக்குறது அப்படியே அத்தே. புக்கெல்லாம் படிக்கக் கத்துக்கினியா? எங்களுக்குச் சொல்லவே இல்ல!"

எல்லா முகமும் என்னைப் பார்த்தது. அத்தனை முகத்திலும் ஒரு மரியாதை. லாரி வாங்கியபோதுகூட அவர்கள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நான் ஆமாம் என்று சொல்ல வேண்டியதுகூட இல்லை. சும்மா சிரித்திருந்தால் போதும். கொட்டகை வாசலில் கண்ட கனவு அப்படியே என் மடியில் வந்து விழுந்திருக்கும்.

குடைப் பக்கம் பார்த்தேன். மார்த்தா தலையைக் குனிந்துகொண்டு, விரலால் உப்பில் ஏதோ கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். அவள் வாய்க்குள் இன்னொருத்தி குடிவரப் போகிறாள். இந்தத் தடவை அந்த இன்னொருத்தி நான்.

"என் குரலு இல்லடி," என்றேன். வாழ்க்கையில் என்னுடையது இல்லை என்று நான் சொன்ன ஒரே நல்ல சாமான் அதுதான். "தோ குந்தினு இருக்காளே, அவ குரலு."

ராணி குடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "யாரு, வெள்ளக்காரம்மாவா? போத்தே! அவங்க பேசுனா எப்படி இருக்கும்னு நாங்க தியேட்டர்லயே பாத்துட்டோம். 'நான் ஊர்க்கு போக்குறான்!'"

கொல்லென்று சிரிப்பு. அதே சிரிப்பு.

இத்தனை வருஷம் அவர்களுக்கு முன்னால் என் பின்னாடியே வரப்பில் முணுமுணுத்து நடந்தவள். கேட்டால் ஆம் இல்லை என்று தலையாட்டுவதோடு சரி. படப்பிடிப்பில் அவள் பேசிய நல்ல தமிழை மறந்து, தியேட்டர் குரலைத்தான் இவர்கள் காதில் வைத்திருக்கிறார்கள். திண்டிவனத்துக்குப் பிறகு உப்பளத்தில் என்னைத் தவிர யாரிடமும் அவள் தமிழ் பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மார்த்தா எழுந்தாள். குடையை மடக்கினாள். புடவையில் ஒட்டிய உப்பைத் தட்டினாள். வரப்பில் நடந்து வந்து டப்பாவை நிறுத்திப் போனை எடுத்துக்கொண்டாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை. பின்னால் அத்தனை வெளிச்சம்.

"போதும்," என்றாள். "நான் ஊருக்குப் போறேன்."

அது அந்த வசனமா, அவள் மனசா, இன்றுவரை நான் கேட்டதில்லை.

குனிந்து பலகை இழுத்துக்கொண்டிருந்த மேரி நிமிரவே இல்லை. "எந்த ஊருக்கு?" என்றாள். "பஸ்ஸு இப்பதான் போச்சு. அடுத்த வண்டி வர நேரமாவும். குந்து, கஞ்சி குடிச்சிட்டுப் போவ."

சொல்லிவிட்டுப் பலகையை ஒரு இழுப்பு இழுத்தாள். பாதியில் நின்றது. மெதுவாக நிமிர்ந்தாள்.

கழுவெளிப் பக்கம் ஏதோ பறவை கத்தியது.

"ஏ மேரி," என்றாள் ராணி, சத்தமே இல்லாமல். "நீ யாருகிட்டடி பேசுன?"

மார்த்தா குந்திவிட்டாள்.

அன்றே பதிவை அனுப்பினாள், சென்னையிலிருந்து பதில் வந்தது, புத்தகம் வந்தது, பிறகு பல புத்தகங்கள் வந்தன. அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. காதில் மாட்டிக்கொண்டு கேட்டவர்கள் நீங்கள்தானே. அந்தக் குரல் யாரிடமிருந்து போனது என்பதை இப்போதாவது தெரிந்துகொண்டீர்கள். ஆனால் குரல் அவளுடையது.

நான் சொல்ல வந்தது கஞ்சியைப் பற்றி.

மேரி சட்டியில் ஊற்றிக் கொடுத்தாள். ராணி, பண்ணிய கேலிக்கு ஈடு கட்டுவது போல, ஓடிப் போய் அம்பாரத்திலிருந்து வெள்ளையாக ஒரு சிட்டிகை உப்பைக் கிள்ளிக்கொண்டு வந்து நீட்டினாள். அவசரத்தில் அவளே மறந்துபோனாள்.

மார்த்தா கை நீட்டவில்லை. தூக்குச்சட்டி மூடியை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"அய்ய, இதுல வெய்யிடி," என்றாள். "கையில வாங்குனா நமக்குள்ள சண்டை வரும்."